கப்பும் கிராமும் ஒத்துப்போகவில்லையா? காய்ந்த பயறு அளவில் பிழை தேடும் வழி

குறிப்பில் 2 கப் என்று இருக்கிறது, உங்களிடம் தராசு இருக்கிறது. அல்லது குறிப்பில் 350 கிராம் என்று இருக்கிறது, உங்களிடம் கப் மட்டும்தான். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 1 கப் பயறு 180 கிராம், இன்னோரிடத்தில் 200, வேறோரிடத்தில் 227. ஏதோ ஒன்றை நம்பிப் போட்டாயிற்று. இப்போது பாத்திரம் பொங்கி வழிகிறது, அல்லது வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் காணாது போலிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்வது, இதைவிடத் துல்லியமான பட்டியல் ஒன்றைத் தேடிப் போவது. அதில் பலன் குறைவு. நல்ல பட்டியல்களுக்குள் இருக்கும் வித்தியாசம் பத்து, பதினைந்து கிராம்தான். அது எந்தச் சமையலையும் கெடுக்காது. கெடுக்கிற தவறுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்க முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு தவறியது?

எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ என்றால் பயறு எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதில் குழப்பம். ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்றால் கப்பிலோ அவுன்ஸிலோ குழப்பம். பத்தில் ஒரு பங்குக்குள் என்றால் நிரப்பிய விதம் அல்லது பயறு வகை. ஒரு முறை இப்படி, மறுமுறை அப்படி என்று தாறுமாறாக வந்தால் தராசைப் பாருங்கள். கீழே அந்த வரிசையிலேயே போகிறேன். உங்கள் கோளாறு எதுவோ நேராக அங்கே போய்விடலாம்.

வெந்த பிறகு இரண்டு, மூன்று, நான்கு மடங்காகிவிட்டது

இதுதான் பெரிய தவறு, அடிக்கடி நடப்பதும் இதுதான். பயறுக்கு மூன்று பிறவி உண்டு: காய்ந்தது, ஊறியது, வெந்தது. மூன்றுக்கும் பெயர் ஒன்றே. 100 கிராம் காய்ந்த பயறு ஊறினால் ஏறக்குறைய 200 கிராம் ஆகும். வெந்து, வடித்து எடுத்தால் 220 முதல் 250 கிராம் வரை வரும். கப் கணக்கில் சொன்னால் 1 கப் காய்ந்த பயறு வெந்ததும் இரண்டரை முதல் 3 கப். கப் கணக்கும் எடைக் கணக்கும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். வெந்த பயறு எடை கூடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடத்தை அடைக்கிறது.

இப்போது குறிப்பில் உள்ள வரியைப் பாருங்கள். “ஊறவைத்த கொண்டைக்கடலை 1 கப்.” அளந்து ஊறவைத்ததா, ஊறவைத்து அளந்ததா? தமிழில் இந்த வரிக்கு இரண்டு பொருளும் வரும், எழுதியவருக்கே இது உறைத்திருக்காது. “கொண்டைக்கடலை 1 கப், 8 மணி நேரம் ஊறவைக்கவும்” என்றிருந்தால் சந்தேகமில்லை, காய்ந்தது. “வேகவைத்த” என்றிருந்தாலும் சந்தேகமில்லை. நடுவில் உள்ளதுதான் பாடாய்ப்படுத்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செய்முறையைக் கடைசிவரை படியுங்கள். ஊறவைக்கும் படியும் நீண்ட வேகும் நேரமும் இருந்தால் பொருள் பட்டியலில் உள்ளது பெரும்பாலும் காய்ந்த அளவு. பயறைப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கச் சொன்னால் வெந்த அளவு. அதிலும் பிடிபடவில்லை என்றால் எத்தனை பேருக்கு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பயறே முக்கியமான உணவு என்றால் ஒருவருக்குக் காய்ந்த நிலையில் 50, 60 கிராம் போதும். நான்கு பேருக்கு 1 கப் என்றிருந்தால் காய்ந்த கணக்கு பொருந்துகிறது. நான்கு பேருக்கு 3 கப் என்றிருந்தால் அது வெந்த பயறாகத்தான் இருக்க வேண்டும்.

டின் பயறு வரும் குறிப்புகளில் இன்னொரு குழி இருக்கிறது. நானே விழுந்த குழி. “400 கிராம் டின் ஒன்று” என்றிருந்தது. டின் இல்லையே என்று 400 கிராம் காய்ந்த ராஜ்மாவை நிறுத்து ஊறப்போட்டேன். மறுநாள் காலை கிண்ணத்தின் மூடியைப் பயறு தூக்கிக்கொண்டு நின்றது. டின் மேல் உள்ள 400 கிராமில் தண்ணீரும் சேர்த்தி. வடித்தால் பயறு 240 கிராம் அளவில்தான் இருக்கும், அதுவும் வெந்த பயறு. அதற்கு ஈடான காய்ந்த பயறு 100 கிராம்தான், அரை கப்புக்குக் கொஞ்சம் கூட. நான் போட்டது நான்கு மடங்கு. ஆகவே உங்கள் தவறு சரியாக நான்கு மடங்காக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், குறிப்பில் டின் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெந்த எடையிலிருந்து காய்ந்த எடைக்கு வர 2.4 ஆல் வகுத்தால் போதும். 500 கிராம் வெந்த பயறு வேண்டுமென்றால் 210 கிராம் காய்ந்தது. கொஞ்சம் மிஞ்சினால் நல்லதுதான், குறைந்தால்தான் தொல்லை; எனவே நான் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்வேன்.

ஏற்கெனவே கூடுதலாக ஊறப்போட்டுவிட்டீர்களா? எல்லாவற்றையும் வேகவைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை அது வெந்த தண்ணீரோடு சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். டப்பாவின் மேல் வெந்த எடையை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து இதே குழப்பம் மறுபடி வரும்.

கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் எப்போதும் ஒரே பக்கம்

ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்றால் உங்கள் கை சரியாகத்தான் அளக்கிறது. கப்தான் வேறு.

கப் என்பது ஒரே அளவு அல்ல. அமெரிக்கக் கப் 237 மி.லி.; அங்கேயே உணவுப் பொட்டலத்தின் சத்து விவரத்துக்கு 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். மெட்ரிக் கப் 250. ஜப்பானில் சமையல் கப் 200. பழைய பிரிட்டிஷ் கப் 284. ராஜ்மா அமெரிக்கக் கப்பில் 184 கிராம் என்றால் 200 மி.லி. கப்பில் 155, 250 மி.லி. கப்பில் 194. இவற்றில் எதுவுமே தவறில்லை, ஆனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் அளந்தால் தவறிவிடும். அலமாரியில் “கப்” என்று நாம் அழைப்பது காப்பி குடிக்கும் கோப்பையாகவும் இருக்கலாம். அதில் 150 மி.லி. பிடிப்பதும் உண்டு, 350 பிடிப்பதும் உண்டு.

சோதனை எளிது. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கப்பின் மி.லி. தண்ணீர் மட்டும்தான் இந்த மரியாதையைக் கொடுக்கும்: 1 மி.லி. என்றால் 1 கிராம். அந்த எண்ணைக் கப்பின் அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

கணக்கு: பட்டியலில் உள்ள கிராமை உங்கள் கப்பின் மி.லி.யால் பெருக்கி, பட்டியல் எந்தக் கப்புக்கோ அதன் மி.லி.யால் வகுங்கள். பட்டியல் எந்தக் கப்புக்கு என்று சொல்லவில்லையென்றால் அந்தப் பட்டியல் எனக்கு வேண்டாம்.

அடுத்தது அவுன்ஸ். “1 கப் என்றால் 8 அவுன்ஸ், 1 அவுன்ஸ் 28.35 கிராம், ஆகவே 1 கப் 227 கிராம்” என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் உள்ள அவுன்ஸ் திரவத்தின் கொள்ளளவு, இரண்டாவது எடை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலோடு ஒட்டிவிட்டார்கள். காய்ந்த பயறுகளில் பெரும்பாலானவை 1 கப் எடையில் ஆறரை முதல் ஏழேகால் அவுன்ஸ்தான் வரும்.

என் அனுபவத்தில் இதைப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பயறுக்கான பட்டியலில் 227 என்ற எண்ணைக் கண்டால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள். 240, 250 என்று இருந்தாலும் அப்படியே. அவை தண்ணீரின் எடை. யாரோ பயறை நிறுத்துப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். ராஜ்மாவுக்கு 227 என்று நம்பினால் நூற்றுக்கு 23 பங்கு கூடிவிடும்.

ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பொட்டலத்தில் 2 கப் இருக்கும் என்ற நம்பிக்கையும் இதே குடும்பம்தான். ராஜ்மாவாக இருந்தால் ஏறக்குறைய இரண்டரை கப், கொண்டைக்கடலையாக இருந்தால் இரண்டேகால் கப் வரும்.

ஒரே கப், ஒரே பயறு, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு எடை

இது நிரப்பும் விதத்தில் உள்ள கோளாறு. கப்புக்குள் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான் பயறு; மீதி இடைவெளி, காற்று. பயறின் உண்மையான அடர்த்தி தண்ணீரைவிட அதிகம். தண்ணீரில் போட்டால் நல்ல பயறு மூழ்குவதே அதற்குச் சாட்சி. ஆனாலும் 1 கப் பயறு 1 கப் தண்ணீரைவிட எடை குறைவாக இருப்பது இந்தக் காற்றால்தான். காற்றின் அளவு மாறினால் எடையும் மாறும். மெல்லக் கொட்டினால் தளர்வாக நிற்கும். கப்பை மேசையில் நான்கு தட்டு தட்டினால் பயறுகள் நகர்ந்து நெருங்கும், மேலே இடம் கிடைக்கும், இன்னும் கொஞ்சம் போடலாம். இந்தத் தட்டலால் மட்டும் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு வரை கூடலாம்.

குவித்து அளப்பது அதைவிட மோசம். வாய் அகலம் 8 செ.மீ. உள்ள கப்பில் பயறு 2 செ.மீ. உயரத்துக்குக் கும்பமாக நின்றால், அந்தக் கும்பம் மட்டும் 33 மி.லி. அதாவது கப்பில் ஏழில் ஒரு பங்கு. வாய் அகலமான பாத்திரம் என்றால் இன்னும் கூடும். ஆகவே தலை தட்டி அளக்க வேண்டும். கத்தியின் முதுகாலோ நேரான கரண்டிப் பிடியாலோ விளிம்போடு இழுத்துவிடுங்கள். பெரிய பயறு கத்திக்கு அடங்காது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்கும். பாதிக்கு மேல் வெளியே தெரிவதைத் தள்ளிவிட்டு, பள்ளம் தெரியும் இடத்தில் ஒன்றைப் போடுங்கள். இது ஒன்றும் நகைக்கடை இல்லை, அவ்வளவு போதும்.

கண்ணாடி ஜாடியில் கோடு பார்த்து அளக்கிறவர்களுக்கு: அந்தக் கோடுகள் திரவத்துக்கானவை. தண்ணீர் தானாகச் சமமாகும். பயறு ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக நிற்கும், எந்தக் கோட்டைப் படிப்பது என்று தெரியாது. வேறு கப் இல்லையென்றால் ஜாடியை லேசாக ஆட்டிச் சமமாக்கிவிட்டுக் கண்மட்டத்தில் படியுங்கள். இருந்தாலும் நான் அதை நம்பமாட்டேன்.

உங்கள் கை எவ்வளவு நிலையானது என்று தெரிய வேண்டுமா? ஒரே பயறை மூன்று முறை அளந்து மூன்று முறையும் நிறுத்துப் பாருங்கள். மூன்றும் 5 கிராமுக்குள் நின்றால் கை சரி, சராசரியை எடுத்துக்கொள்ளலாம். 15 கிராம் அலைந்தால் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்: கொட்டு, மேசையில் தட்டாதே, இழுத்துவிடு. அவ்வளவுதான்.

ஒரு பயறுக்குச் சரியாக வருகிறது, இன்னொன்றுக்கு வருவதில்லை

ஒரே எண்ணை எல்லாப் பயறுக்கும் பயன்படுத்துகிறீர்கள். 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் பலவற்றுக்குப் பரவாயில்லை, சிலவற்றுக்கு உதைக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் காய்ந்த பயறு 1 அமெரிக்கக் கப்புக்கு இந்த எடைகள் உள்ளன:

பச்சைப்பயறு 207 கிராம்
சிறு வெள்ளை நேவி பீன்ஸ் 208
துவரை 205
கொண்டைக்கடலை 200
கருப்பு பீன்ஸ் 194
மசூர் 192
சோயா 186
ராஜ்மா 184
பெரிய லைமா பீன்ஸ் 178
தட்டைப்பயறு 167
ஃபாவா 150

ஃபாவாவுக்கும் நேவிக்கும் நடுவில் 58 கிராம். ஃபாவாவை 200 என்று நினைத்து அளந்தால் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். மற்றவற்றில் தட்டைப்பயறைத் தவிர 200 என்ற எண் உங்களைப் பெரிதாக ஏமாற்றாது.

சின்னப் பயறு என்றால் இடைவெளி குறைவு, அதனால் எடை கூடுதல் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே வடிவ உருண்டைகளாக இருந்தால் சின்னதோ பெரியதோ இடைவெளியின் பங்கு ஒன்றுதான். சின்ன உருண்டைகளுக்கு நடுவே சின்னச் சந்துகள், ஆனால் நிறையச் சந்துகள், கூட்டினால் சமம். மாற்றத்தைக் கொண்டுவருவது வடிவமும் உள்ளே உள்ள பருப்பின் அடர்த்தியும். சிறுநீரக வடிவம், தட்டை வடிவம் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து அமராமல் கோணலாக நிற்கும். அப்புறம், பெரிய பயறுக்குக் கப்பே ஒரு தடை. அதைக் கீழே சொல்கிறேன்.

கலவைப் பயறு என்றால் பட்டியலை விட்டுவிடுங்கள். பெரியவற்றின் சந்தில் சின்னவை போய் உட்கார்ந்துகொள்ளும். 1 கப் கொண்டைக்கடலையும் 1 கப் பச்சைப்பயறும் கலந்தால் 2 கப் வராது, கொஞ்சம் குறையும். கலந்த 1 கப்பின் எடை இரண்டின் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். தனித்தனியாக நிறுத்துக் கலப்பதுதான் வழி.

கால் கப் நான்கு சேர்ந்தால் ஒரு கப் ஆக மறுக்கிறது

பெரிய பயறில் மட்டும் வரும் விசித்திரம் இது. முதலில் பார்க்கும்போது கால் கப் அளவையைத்தான் சந்தேகிப்போம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது சரியாகவே இருக்கும். கப்பின் சுவரை ஒட்டி நிற்கும் பயறுகள் சுவருக்குள் நுழைய முடியாது, ஆகவே சுவரோரம் எப்போதும் கூடுதல் இடைவெளி. கப் பெரிதாக இருந்தால் அந்த ஓரம் மொத்தத்தில் சிறு பங்கு. கால் கப்பில், அதுவும் 2 செ.மீ. நீளப் பயறில், ஏறக்குறைய எல்லாமே ஓரம்தான். அதனால் நான்கு கால் கப் பெரிய லைமாவின் எடை ஒரு முழுக் கப்பின் எடைக்குக் குறைவாகவே இருக்கும். பச்சைப்பயறில் இது தெரியாது.

கால் கப்புக்குக் குறைவான பெரிய பயறுகளை எடை போட்டே எடுங்கள். தராசு இல்லையா, எண்ணிவிடுங்கள்.

தராசு சொல்வதே நம்பும்படி இல்லை

முதலில் திரையின் ஓரத்தைப் பாருங்கள். கிராமா, மி.லி.யா, பவுண்டு அவுன்ஸா? பொத்தானை ஒரு முறை கூட அழுத்தினால் அலகு மாறிவிடும். மி.லி. என்ற அலகு தராசில் இருப்பதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்துபோய்ப் பயறை அதில் அளக்கிறார்கள். தராசு எடையை மட்டும்தான் அறியும். மேலே இருப்பது தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு மி.லி. காட்டுகிறது. 184 கிராம் ராஜ்மாவை வைத்தால் 184 மி.லி. என்று கூசாமல் சொல்லும். உண்மையில் அது 237 மி.லி. இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்.

பவுண்டு அவுன்ஸ் அலகில் 1:2.5 என்று தெரிந்தால் அது 1 பவுண்டும் இரண்டரை அவுன்ஸும், அதாவது 524 கிராம். ஒன்றேகால் பவுண்டு இல்லை. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் தசமப் புள்ளிபோலப் படித்தால் மாட்டிக்கொள்வோம்.

பிற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிண்ணம் சுவரிலோ பக்கத்துப் பாத்திரத்திலோ இடித்துக்கொண்டிருந்தால் எடை குறைத்துக் காட்டும். தராசு துணி மேலோ ஆடும் பலகை மேலோ இருந்தால் எண் நிலைக்காது. பேட்டரி தளர்ந்தாலும் அப்படியே. பாதியில் போன் பேசப் போய்வந்தால் தராசு தானாக அணைந்திருக்கும். மறுபடி போடும்போது கிண்ணத்தோடும் பயறோடும் சேர்த்துப் பூஜ்யம் காட்டும், எவ்வளவு போட்டோம் என்பதே போய்விடும். கிண்ணத்தின் காலி எடையை அடியில் எழுதி வைத்திருந்தால் அப்போது காப்பாற்றும். ஒன்றிரண்டு பயறாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சில தராசுகள் அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுகொள்ளாது; ஒரு கைப்பிடி எடுத்து மறுபடி போடுங்கள், விழித்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், அளவு உறுதியாகத் தெரிந்த அடைபட்ட பொட்டலம் ஒன்றை வைத்துப் பாருங்கள். அட்டை, பிளாஸ்டிக் உறையின் எடை கொஞ்சம் சேர்ந்து வரும். குறைவாகக் காட்டினால் தராசில்தான் கோளாறு.

பயறு எடை சரி, தண்ணீர்தான் போதவில்லை

இதை மாற்றுக் கணக்கின் கோளாறு என்று யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதுதான். “பயறு 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு” என்று குறிப்பு சொல்கிறது. விகிதம்தானே, கப்பானால் என்ன, கிராமானால் என்ன என்று 184 கிராம் ராஜ்மாவுக்கு 552 கிராம் தண்ணீர் ஊற்றுகிறோம். எழுதியவர் கப்பில் அளந்திருந்தால் அவர் ஊற்றியது 3 கப், அதாவது 711 கிராம். நமக்கு 159 குறைகிறது, ஏறக்குறைய முக்கால் கப்பை நெருங்கும் அளவு. அடி பிடிக்காமல் என்ன செய்யும்?

விகிதம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு பொருளின் அடர்த்தியும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று தண்ணீர், இன்னொன்று காற்றோடு சேர்ந்த பயறு. கப் விகிதத்தை எடை விகிதமாக்க, தண்ணீரின் பங்கைப் பயறைப் பொறுத்து 1.15 முதல் 1.3 வரை பெருக்குங்கள். பச்சைப்பயறுக்குக் கீழ் எண், ராஜ்மாவுக்கு மேல் எண். கொண்டைக்கடலைக்கு 1.2 சரியாக இருக்கும். குறிப்பு எடையில் எழுதப்பட்டு நீங்கள் கப்பில் அளந்தால் இதன் நேர்மாறு நடக்கும்: தண்ணீர் மிஞ்சி நிற்கும்.

அளவை இரட்டிப்பாக்கும்போது இன்னொன்று. பயறு குடிக்கும் தண்ணீர் பயறோடு கூடும். 100 கிராம் பயறு 120 முதல் 150 கிராம் வரை குடிக்கும். ஆவியாகப் போகும் தண்ணீர் அப்படிக் கூடாது. அது பாத்திரத்தின் வாயையும் நேரத்தையும் பொறுத்தது. ஆகவே பயறை இரண்டு மடங்காக்கும்போது தண்ணீரை அப்படியே இரண்டு மடங்காக்காமல் கொஞ்சம் குறைத்து ஊற்றி, வேண்டுமானால் பிறகு கொதிநீர் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா அளவும் சரி, ஆனால் வேகவே இல்லை

அளவைக் குற்றம் சொல்லாதீர்கள். பயறு பழையது, அல்லது தண்ணீர் கடினநீர், அல்லது புளிப்பான ஏதோ ஒன்றை முன்கூட்டியே சேர்த்திருக்கிறீர்கள். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு வெந்தாலும் நடுவில் கட்டியாகவே இருக்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் தோலை இறுக்கிவிடும். ஒரு சிட்டிகை சமையல் சோடா இதற்கு உதவும். கூடினால் சோப்பு வாடை வரும்.

தராசு இங்கேயும் ஒரு வேலை செய்யும். 100 கிராம் பயறை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, துடைத்து நிறுத்துப் பாருங்கள். 190க்கு மேல் இருந்தால் பயறு தண்ணீரைக் குடித்திருக்கிறது. 150, 160 என்று நின்றால் சில பயறுகள் தோல் இறுகி ஊறாமல் கிடக்கின்றன. கையால் கிளறினால் சிறியதாக, கூழாங்கல்போல அகப்படும். அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள்.

ராஜ்மாவில் மட்டும் அரைவேக்காட்டைச் சகித்துக்கொள்ளக் கூடாது. அதன் லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு. மெதுவாகச் சூடாகும் மின்பாத்திரத்தில் நேராகப் போட்டால் அந்தக் கொதிநிலை வராமலே மென்மையாகிவிடும். வெந்ததுபோல் தெரிவதுதான் ஆபத்து.

அரைத்த மாவில் பாதிதான் வருகிறது

1 கப் கொண்டைக்கடலை 200 கிராம் என்பதால் 1 கப் கடலை மாவும் 200 கிராம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சலித்த கடலை மாவு 1 கப் 92 கிராம்தான். மாவுக்குள் காற்று அவ்வளவு. அழுத்தி அடைத்தால் இன்னும் கூடும், அதனால் மாவுக்குக் கப்பே வேண்டாம், எடையைப் பாருங்கள். இரண்டாக உடைத்த பருப்புக்கு முழுப் பயறின் எண் பெரிதாகத் தவறாது.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் செய்யத் தேவையில்லை. புதுப் பொட்டலத்தை டப்பாவில் கொட்டும் அன்று உங்கள் கப்பில், உங்கள் கையால், தலை தட்டி மூன்று முறை அளந்து நிறுத்துங்கள். சராசரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்: “ராஜ்மா, பச்சை விளிம்புக் கப், 178.” எந்தக் கப் என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள், மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. அடுத்த பொட்டலம் வரும்போது ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்; 5 கிராமுக்கு மேல் விலகினால் மட்டும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.